முகத்தைக் காட்டினால் போதும்

மாசிலாமணி ஏமாளி இல்லை. ஆந்திராவின் நகரியில் பவர்லூம் சத்தத்துக்கு நடுவே வளர்ந்து, இப்போது திருப்பதியிலிருந்து ஸ்ரீசிட்டி கம்பெனிக்கு ஆள் ஏற்றிப் போகும் பஸ்ஸை ஓட்டுகிறவன். நாலும் தெரிந்தவன்தான். ஆனால் மேடையில் நிற்கிற ஒருவர் நம் வீட்டுக் கஷ்டத்தை நம்மைவிட நன்றாகச் சொல்லிவிட்டால், கண் நிறைந்துவிடுகிறது. அறிவு எங்கோ போய்விடுகிறது.

தேர்தலுக்கு முன் திருப்பதிக் கூட்டத்தில் தலைவர் தெலுங்கில் முழங்கினார். இந்த மண்ணில் வாழ்கிற எல்லோருக்கும் வைத்தியம் இலவசம். கார்டு காட்ட வேண்டாம், ஆஸ்பத்திரியில் முகத்தைக் காட்டினால் போதும்! மாசிலாமணி தொண்டை கட்டும்வரை கத்தினான். பேச்சை அப்படியே போனில் பிடித்து, திருத்தணியில் அண்ணன் வீட்டில் இருந்த மனைவி கன்னிகாவுக்கு அனுப்பினான்.

கன்னிகாவுக்குச் சிறுநீரகம் இரண்டும் கைவிட்டுவிட்டன. வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ். அது திருத்தணியில் காசில்லாமல் நடந்ததற்குக் காரணம் எல்லையோரக் குடும்பங்களின் கெட்டிக்காரத்தனம். கல்யாணமான பிறகும் பெண்ணின் பெயரைப் பிறந்த வீட்டு ரேஷன் கார்டிலிருந்து எடுக்க மாட்டார்கள். அங்கே ஒரு பங்கு அரிசி, இங்கே ஒரு பங்கு அரிசி. மாசிலாமணி ஆந்திரா கார்டில் இருந்தான், கன்னிகா தமிழ்நாட்டுக் கார்டில் இருந்தாள். நோய் வந்தபோது அந்தக் கார்டுதான் அவள் உயிரைப் பிடித்து வைத்தது. புருஷனையும் பெண்டாட்டியையும் இரண்டு மாநிலத்தில் பிரித்து வைத்ததும் அதுதான்.

தலைவர் ஜெயித்தார். சட்டமும் வந்தது. டீக்கடையில் லட்டு கொடுத்தார்கள். மாசிலாமணி அன்றைக்கே திருப்பதியில் கீழ்த்தளத்தில், அவள் படி ஏற வேண்டாம் என்று பார்த்துப் பார்த்து, ஓர் அறை பிடித்தான். "ஞாயித்துக்கெழம வந்து ஊட்டப் பாரு," என்று போனில் சொன்னான். ராத்திரிச் சாப்பாட்டை எதிரே ஆள் இல்லாமல் விழுங்கிப் பழகிப்போன வயிற்றெரிச்சல் அவனுக்கல்லவா தெரியும்.

சனிக்கிழமை ஆஸ்பத்திரியில் கேட்டு வைக்கப் போனான். உதவி மேஜையில் சுலோச்சனா என்கிற பெண் இருந்தாள். நல்ல வேளையாகத் தமிழ் பேசினாள்.

"அண்ணே, சட்டத்துல இங்க வாழ்றவங்கன்னா இந்த ஆந்திரா ராஷ்டிரத்து கார்டுல பேரு இருக்கறவங்கதான். உங்க ஊட்டம்மா பேரு அங்க கீது. அங்க எடுத்தாதான் இங்க சேக்க முடியும்."

"நாளைக்கே எடுத்துடறோம்மா."

"அய்யோ, அவசரப்படாதீங்க. புதுப் பேரு எப்பலேர்ந்து சேக்கறதுன்னு இன்னும் தேதியே வரல. அங்கயும் இல்லாம இங்கயும் இல்லாம நடுவுல நின்னா, அவங்களுக்கு யாரு டயாலிசிஸ் போடுவாங்க?"

"தலைவரு முகத்தக் காட்னா போதும்னாரே!"

சுலோச்சனா சிரிக்காமல் இருந்ததே பெரிய விஷயம். "முகத்தக் காட்றவங்க தெனமும் வந்து திரும்பிப் போயிக்கினுதான் கீறாங்க," என்றாள்.

அன்றைக்கே கன்னிகாவுக்குப் போன் போட்டுச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. ஒரே ஒரு நாள் அவள் வந்துவிட்டுப் போகட்டுமே என்று ஆசை. ஆசைக்கு வெட்கம் ஏது?

ஞாயிற்றுக்கிழமை வந்தாள். ஜன்னலைத் திறந்து பார்த்தாள். கட்டில் இந்தப் பக்கம் வேண்டாம், அந்தப் பக்கம் போடு என்றாள். உப்பில்லாத சோற்றை இருவரும் ஒரே தட்டில் சாப்பிட்டார்கள். மத்தியானம் அவள் அசந்து தூங்கினாள். அவன் பக்கத்தில் உட்கார்ந்து விசிறினான், மேலே ஃபேன் ஓடிக்கொண்டிருந்தும். இவள் இங்கேயே இருந்துவிடக் கூடாதா என்று ஏங்கினான்.

சாயங்காலம் பஸ் ஸ்டாண்டில், அவள் ஜன்னலோரம் உட்கார்ந்த பிறகுதான் கீழே நின்றபடி எல்லாவற்றையும் சொன்னான். அவள் முகம் வாடியதைப் பார்க்க முடியாமல் தலைவரை ஒரு பிடி பிடித்தான்.

"மேடையில ஒண்ணு, சட்டத்துல ஒண்ணு! சொன்னதுக்கும் செஞ்சதுக்கும் இன்னா சம்மந்தம் கீது, நீயே சொல்லு?"

கன்னிகா மெதுவாகக் கேட்டாள்.

"அவர உடு மாமா. நீ சொன்னது இன்னாச்சு?"

"நான் இன்னா சொன்னேன்?"

"என்ன அண்ணன் ஊட்ல உட்டுட்டுப் போறப்ப சொன்னியே. ஆந்திராவுல இலவச வைத்தியம் கெடச்சா நீ வா, கெடைக்கலன்னா நான் வந்துடறேன்னு. திருத்தணில நீ ஓட்டறதுக்கு பஸ்ஸே இல்லியா?"

மாசிலாமணிக்குச் சுரீர் என்றது. சொன்னான்தான். அழுதுகொண்டே சொன்னான். சொன்னதும் மறந்தும் போனான். கம்பெனி வேலை, பி.எஃப்., நகரியில் அம்மா என்று காரணங்கள் வரிசை கட்டி நின்றன.

"வரேன் கன்னிகா."

"எப்ப?"

"பாக்கலாம்... சீக்கிரமா."

"நீயும் தேதி போடாத சட்டமா?"

கோபமாகக் கேட்டிருந்தால் அவனும் பதிலுக்குக் கத்தியிருப்பான். அவள் கெஞ்சுகிற மாதிரியல்லவா கேட்டாள். டயாலிசிஸுக்காக ரத்தக் குழாய்களை இணைத்துத் தைத்திருந்த இடது கையை யாரையும் தொட விடாதவள், அதை ஜன்னல் வழியாக நீட்டினாள். அவன் பிடித்துக்கொண்டான். தோலுக்கு அடியில் ரத்தம் விர்ரென்று ஓடுவது விரலில் தெரிந்தது. கண்டக்டர் விசில் அடித்தார். பஸ் நகர்ந்தது, கை நழுவியது.

பஸ் கண்ணுக்கு மறைந்த பிறகுதான் போனை எடுத்தான்.

"வர்ற ஒண்ணாந்தேதி," என்றான். "ஒண்ணாந்தேதி காலைல அங்க இருப்பேன். வேலைய உட்டுட்டு வரேன்."

அந்தப் பக்கம் வெறும் பஸ் சத்தம். கேட்கவில்லையோ என்று பதறிப்போனான்.

"இன்னொரு வாட்டி சொல்லு மாமா," என்றாள் கன்னிகா.