நன்றி சொல்லாமல் போனவன்

மே மாதத்தின் இரண்டாவது திங்கட்கிழமை காலையில், கடலில் மூழ்கிப்போன வல்மோரின் காலடிகள் எங்கள் காசினோ ஊர்க் கடற்கரையில் நீரிலிருந்து ஏறித் தெற்கே நடக்கத் தொடங்கின. இடது காலில் சுண்டுவிரல் இல்லாத தடம். படகுக் கயிறு அறுத்தெடுத்த விரல் அது. ஆகவே ஆள் யார் என்பதில் சந்தேகமில்லை. மடவை மீன் கூட்டம் கூட்டமாக வந்த வாரம் என்பதால், நின்று பார்க்க ஊரில் யாருக்கும் நேரமில்லை. அவன் மனைவி ஒதேத்தி மட்டும் பையைத் தூக்கிக்கொண்டு தடங்களின் பக்கத்தில் நடந்தாள். உருகுவே எல்லையில் ஷுயி ஓடை வரை இருநூற்றிருபது கிலோமீட்டர் வெறும் மணல். செத்து ஒதுங்கிய கடற்சிங்கங்கள், மூன்று கலங்கரை விளக்கங்கள், மற்றபடி காற்று. ஒன்பது நாள் நடை. ஓடை வந்ததும் தடங்கள் கடலுக்குத் திரும்பும், அவள் பேருந்தில் வீடு திரும்புவாள். ஒவ்வொரு மே மாதமும் இப்படியே பதினோரு ஆண்டுகள் போயின.

அவன் ஏன் நடந்தான் என்பது ஊருக்கே தெரியும். எங்கள் பக்கம் மாத்தே என்ற இலைத் தேநீர் குடிக்கும்போது ஒருவர்தான் சுரைக்குடுக்கையில் இலைமேல் வெந்நீர் ஊற்றித் தருவார். குழலால் உறிஞ்சிக் காலியாக்கிப் பேசாமல் திருப்பித் தந்தால் இன்னொன்று வேண்டும் என்று பொருள். நன்றி சொல்லித் தந்தால்தான் முடிந்தது. நன்றி சொல்லாதவனை யாரும் எழுந்துபோக விடமாட்டார்கள், அவன் பகையாளியாகவே இருந்தாலும்.

அவன் மூழ்கிய அன்று காலை ஒதேத்தி, "காத்து தெக்கே திரும்புது, போகாதே" என்றாள்.

"காத்தைச் சமாளிச்சுடுவேன், உன் வாயைத்தான் சமாளிக்க முடியல" என்று சிரித்தபடி அவன் காலிக் குடுக்கையை நீட்டினான். நன்றி சொல்லவில்லை. அவள் கோபத்தில் வெந்நீர் ஃபிளாஸ்க் மூடியைத் திருகி மூடினாள். அவன் கொஞ்சநேரம் நீட்டிய கையோடு நின்றான். பிறகு குடுக்கையை மேசையில் வைத்துவிட்டுப் படகுக்குப் போனான்.

அதனால்தான் நடையில் தினமும் காலையில் அவள் சின்ன அடுப்பில் வெந்நீர் காய்ச்சி அதே ஃபிளாஸ்கில் ஊற்றி, குடுக்கையை நிரப்பித் தடங்களின் அருகில் வைத்தாள். குழல் கரகரக்கும், குடுக்கை காலியாகி அவள் பக்கம் சாயும். ஆனால் கண்ணுகளா, ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ஒவ்வோர் ஆண்டும் ஓடைக்கரையில், கடைசிக் காலையில், அவன் கேட்டு நிற்கும்போதே அவள் மூடியைத் திருகி மூடினாள். முதல்தடவை கோபத்தில் செய்ததைப் பிறகு பதினோரு தடவை ஆசையில் செய்தாள். அவன் நன்றி சொல்லிவிட்டால் அடுத்த மே மாதம் வரமாட்டான் அல்லவா.

பன்னிரண்டாம் ஆண்டு தடங்கள் கோணலாக, மணலை உழுதுகொண்டு வந்தன. அல்பர்தோன் கலங்கரை விளக்கத்தைத் தாண்டியதும் மீன் லாரிக்கார ஜுரந்திர் வண்டியை நிறுத்தினான்.

"ஏறுங்கக்கா. உங்க முட்டிச் சத்தம் என் எஞ்சினைவிடப் பெருசா கேக்குது."

"ரெண்டு பேருக்கு இடம் இருக்கா?"

"அண்ணனைப் பின்னால மீனோட உக்கார வெப்போம். பழகினவருதானே!" என்று சொல்லி எட்டிப் பார்த்தவன் சிரிப்பை நிறுத்தினான். "என்னக்கா இது, காலை இழுத்து இழுத்து வெச்சிருக்காரு. ரொம்பக் களைச்சுட்டாரு போல."

"எனக்குக் கண்ணு தெரியும். நீ வண்டிய எடுத்துட்டுப் போ" என்று சொல்லி நடந்தாள்.

ஒன்பதாம் நாள் காலை ஓடைக்கரையில் ஊற்றினாள். மூன்று, நான்கு, ஐந்து. கை பழக்கத்தில் மூடியைத் தேடியது. அதை எடுத்து ஓடையில் எறிந்தாள். ஏழாவது குடுக்கையைக் காலியாக்கிவிட்டு, தொண்டையில் மணல் சிக்கியவன் குரலில் வல்மோர் சொன்னான்: "நன்றி, ஒதேத்தி."

தடங்கள் நேராகக் கடலுக்குள் இறங்கின. அடுத்த மே மாதம் வரவில்லை. அதற்கடுத்த மே மாதமும் இல்லை. மூடியில்லாத ஃபிளாஸ்கில் அன்று மிஞ்சிய வெந்நீர் மட்டும் இன்றுவரை ஆறவுமில்லை, குறையவுமில்லை. அதிலிருந்துதான் ஒதேத்தி தினமும் தனக்கு ஊற்றிக் குடிக்கிறாள். குடித்துமுடித்து, எதிர்நாற்காலியின் பக்கம் குடுக்கையை நீட்டி வைக்கிறாள். நன்றி சொல்வதில்லை.