ஸ்டீரியோ செத்த நான்காம் நாள்

என் தங்கை புருஷனுக்குத் தெரியாத விஷயம் உலகத்தில் இல்லை. அப்படி ஒன்று இருந்தால், அது தெரிந்துகொள்ளத் தகுதியில்லாத விஷயம். மனிதர் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். நான் பதினெட்டு வருஷமாகக் கார் எலக்ட்ரீஷியன். ஆகவே கார் எலக்ட்ரிக்கல் வேலையை அவர்தான் எனக்குச் சொல்லிக் கொடுப்பார். நானும் தலையாட்டிக் கேட்டுக்கொள்வேன். வீட்டு மாப்பிள்ளை, என்ன செய்வது? நான் ஒரு வார்த்தை கூடுதலாகச் சொன்னால் அது என் அம்மா காதுக்கு ஒன்பது வார்த்தையாகப் போய்ச் சேரும்.

வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு என் பட்டறை வாசலில் வந்து இறங்கினார். தங்கையை அவள் அலுவலகத்தில் விட்டுவிட்டு நேரே வந்திருக்கிறார். கையில் ஒரு நாற்பது பக்க நோட்டு.

"மச்சான், ஸ்டீரியோ செத்துப் போச்சு. இன்னிக்கு நாலாவது நாள்."

அவர் சொன்ன தொனிக்கு நான் மாலை வாங்கிக்கொண்டு கிளம்பியிருக்க வேண்டும்.

"பள்ளிக்கூடம் இல்லையா மாப்ளை?"

"அரை நாள் லீவு போட்டுட்டேன்."

கல்யாணமாகி ஆறு வருஷம். என் தங்கைக்கு இரண்டு பல் பிடுங்கிய அன்றைக்குக்கூட லீவு போடாத மகான். பிள்ளைகளுக்குப் பாடம் கெட்டுவிடுமாம். ஸ்டீரியோவுக்கு அரை நாள் கொடுத்திருக்கிறார் என்றால் நான் பெருமைப்பட வேண்டியதுதான்.

கார்க் கதவைத் திறந்து பார்த்தேன். ஐயோ என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன். டேஷ்போர்டின் முகப்பைப் பெயர்த்து எடுத்திருந்தார். ஸ்டீரியோ வெளியே வந்து கியர் கம்பியின் மேல் சாய்ந்து கிடந்தது. அதன் பின்னாலிருந்து வந்த ஒயர்கள் ஒரு வாரம் சீப்புப் படாத தலைமுடிபோல இருந்தன. ஒவ்வொரு ஒயரிலும் ஒரு துண்டுக் காகிதம் ஒட்டி, அ, ஆ, இ, ஈ என்று எழுதியிருந்தார். கையெழுத்து மட்டும் முத்து முத்தாக இருந்தது.

"எதையும் விடல," என்று நோட்டைப் பிரித்தார். "திங்கக்கிழமை எர்த் செக் பண்ணேன். செவ்வாய் ஆண்டெனாவக் கழட்டித் துடைச்சேன். நேத்து பேட்டரியவே மாத்திட்டேன்."

"பேட்டரி போயிருந்தா வண்டியே ஸ்டார்ட் ஆகியிருக்காதே மாப்ளை."

"அது உன் அபிப்பிராயம்."

பதினெட்டு வருஷ அனுபவம் ஒரு நொடியில் அபிப்பிராயமாகிவிட்டது. ஆண்டெனாவைத் துடைத்தால் ஸ்டீரியோவுக்குக் கரண்ட் வரும் என்று எந்தப் புண்ணியவான் சொன்னான் என்று கேட்க நாக்கு துடித்தது. அம்மாவை நினைத்து அடக்கிக்கொண்டேன்.

"ஃபியூஸ் பாத்தீங்களா?"

"பானெட்டுக்குள்ள இருக்கிற பதினாலு ஃபியூஸும் பாத்தாச்சு. எல்லாம் ஓகே. பக்கம் ஒம்பதுல இருக்கு பாரு."

பக்கம் ஒன்பதைப் பார்த்தேன். கட்டம் போட்டு, பதினான்கு டிக் அடித்து, கீழே கையெழுத்தும் போட்டிருந்தார். இந்த வண்டியில் ஸ்டியரிங்குக்குக் கீழே, முழங்கால் இடிக்கிற இடத்தில் இன்னொரு ஃபியூஸ் பெட்டி உண்டு. அது அவர் நோட்டில் இல்லை. நோட்டில் இல்லாதது காரிலும் இருக்காது என்பது அவர் கணக்கு.

நான் டெஸ்ட் லேம்பை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். கறுப்பு ஒயர், எர்த், நன்றாக இருந்தது. சாவியைத் திருப்பினால் சிவப்பு ஒயரில் கரண்ட் வந்தது. மஞ்சள் ஒயர்தான் ஸ்டீரியோவுக்குச் சோறு போடுகிற ஒயர். அதில் லேம்பை வைத்தால் எரியவே இல்லை. இதற்கு ஒன்றரை நிமிஷம் ஆனது. அவருக்கு நாலு நாளும் ஒரு பேட்டரியும் ஆகியிருக்கிறது.

குனிந்து, ஸ்டியரிங்குக்குக் கீழே இருந்த பிளாஸ்டிக் மூடியைக் கழற்றினேன். ஸ்டீரியோவுக்கான பள்ளம் காலியாக இருந்தது. உதிரி ஃபியூஸ் வைக்கிற வரிசையில் நீல நிறத்தில் ஒரு பதினைந்து ஆம்பியர் ஃபியூஸ் சமர்த்தாக உட்கார்ந்திருந்தது. எடுத்து வெளிச்சத்தில் பார்த்தேன். உள்ளே கம்பி முழுசாக இருந்தது.

ஃபியூஸ் எரியும். சில சமயம் தளர்ந்துபோகும். ஆனால் எழுந்து நடந்துபோய்ப் பக்கத்து வரிசையில் உட்காராது. யாரோ எடுத்திருக்கிறார்கள். அதுவும் எது எந்த ஃபியூஸ் என்று தெரிந்த ஆள், பொருள் தொலையக் கூடாதே என்று பத்திரமாக வைக்கிற ஆள். அந்த வீட்டில் அப்படி ஒரே ஒருத்திதான் இருக்கிறாள். காலேஜ் போகிறவரை அப்பாவின் பட்டறையில் என்னோடு வேலை செய்தவள். என்னைவிடச் சீக்கிரம் கோளாறைக் கண்டுபிடிப்பாள். அதை நான் இன்றுவரை அவளிடம் ஒப்புக்கொண்டதில்லை.

"ஒரு நிமிஷம் மாப்ளை, ஒரு போன் பேசிட்டு வரேன்," என்று பட்டறைக்குப் பின்னால் போனேன்.

முதல் மணியிலேயே எடுத்தாள். "அவர் உன்கிட்டதான் வருவார்னு தெரியும்ணா. கண்டுபிடிச்சிட்டியா?"

"என்ன வேலை இது? மனுஷன் பேட்டரிய மாத்தியிருக்கார்!"

"போடாத. இன்னிக்கு ஒரு நாள் மட்டும் போடாத, உன்னைக் கெஞ்சிக் கேக்கறேன்."

அவள் கட்டடங்களுக்கு வரைபடம் போடுகிற கம்பெனியில் இருக்கிறாள். வேறு ஊரில் பெரிய பாலம் ஒன்று கட்டுகிறார்களாம். இரண்டு வருஷம் அங்கேயே தங்கி வேலை. வரைபடப் பிரிவுக்கே அவளைத் தலைமையாகப் போட்டிருக்கிறார்கள். சம்மதம் என்று நாளைக் காலை அலுவலகம் திறந்ததும் கையெழுத்துப் போட்டுக் கொடுக்க வேண்டும்.

"அவர்கிட்ட சொன்னியா?"

"எங்க சொல்றது? ரெண்டு ரூம் வீடு. மாமனார், மாமியார், கொழுந்தன், ஓயாத டிவி. நாங்க ரெண்டு பேரும் தனியா இருக்கிற இடம் அந்தக் கார் மட்டும்தான். காலையில இருபத்தஞ்சு நிமிஷம், சாயங்காலம் இருபத்தஞ்சு நிமிஷம். போன வெள்ளிக்கிழமை ஆரம்பிச்சேன். ஸ்டீரியோ சத்தத்த ஏத்தினார். நானும் விடாம சொன்னேன். இன்னும் ஏத்தினார். அதான் திங்கக்கிழமை ஃபியூஸ எடுத்துட்டேன். அப்பவாவது காது கேக்கட்டும்னு."

"கேட்டுதா?"

"எர்த் சரியில்லன்னார். செவ்வாய் பூரா ஆண்டெனா. நேத்து பேட்டரி. இன்னிக்குக் காலையில, வண்டிய ஓரமா நிறுத்துங்க, பேசணும்னேன். நிறுத்தினார்ணா. நிறுத்தி, இறங்கிப் போய், பானெட்டைத் திறந்தார்."

சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அவள் சிரிக்கவில்லை. நானும் நிறுத்திக்கொண்டேன்.

"என்கிட்டயாவது சொல்லியிருக்கலாமே?"

"நீ அம்மாகிட்ட சொல்லுவ. அம்மா மாமியார்கிட்ட சொல்லுவாங்க. அப்புறம் ஊரே கூடித் தீர்ப்புச் சொல்லும். எனக்கு யார் அனுமதியும் வேணாம்ணா. அவர் வாயிலிருந்து ஒரு வார்த்தை வேணும். போ, இல்லாட்டி போகாத. ஏதோ ஒண்ணு. இத்தனை வருஷம் கூட இருந்திருக்கேன், அதுகூட இல்லாம எப்படிக் கிளம்புவேன்?" குரல் உடைந்தது. போனை வைத்துவிட்டாள்.

திரும்பி வந்தபோது மாப்பிள்ளை ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். பார்ட்ஸ் வரவில்லை, இரண்டு நாள் ஆகும் என்று புளுகலாம் என்றுதான் வந்தேன். அந்த நோட்டு மடியில் விரிந்திருந்ததைப் பார்த்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"ஃபியூஸ்தான் மாப்ளை."

"சான்ஸே இல்ல. பக்கம் ஒம்பது..."

"பக்கம் ஒம்பதத் தூக்கிக் குப்பையில போடுங்க. உங்க முழங்காலுக்கு நேரா இன்னொரு பெட்டி இருக்கு. ஃபியூஸ் எரியல. எடுத்து வெச்சிருக்காங்க."

அவர் கேள்வி கேட்பார், வாதம் பண்ணுவார் என்று எதிர்பார்த்தேன். நோட்டை மட்டும் மூடினார்.

"அவளா?" என்றார்.

"அவதான். எதுக்குன்னு தெரியுமா?"

"தெரியும். பாலம் வேலை. ரெண்டு வருஷம். வெள்ளிக்கிழமையே எல்லாத்தையும் கேட்டுட்டேன்."

"அந்தச் சத்தத்துலயா?"

"எவ்வளவு சத்தம் வெச்சாலும் அவ குரல் மட்டும் கேக்குது மச்சான்."

"அப்புறம் எதுக்கு இந்த ஆண்டெனா, பேட்டரி கூத்தெல்லாம்?"

"போன்னு சொன்னா போயிடுவா. போகாதன்னு சொன்னா, அவ முன்னேற்றத்தக் கெடுத்தவன் நான்தான்னு ஆயுசுக்கும் பேராகும். ரெண்டும் சொல்லாம இருந்தா..."

"இருந்தா?"

"தேதி போயிடும்," என்றார். கணக்கு வாத்தியார் அல்லவா, விடையைச் சுருக்கமாகச் சொன்னார். "ஆனா எல்லாத்தையும் பேசி முடிச்சாச்சு. எர்த், ஆண்டெனா, பேட்டரி, ஒண்ணும் பாக்கியில்ல. இன்னிக்கு சாயங்காலம் பேசறதுக்கு ஒரு பார்ட்டும் இல்ல மச்சான். தயவுசெஞ்சு அந்த ஃபியூஸப் போட்டுக் குடுத்துடு."

ஆறு வருஷமாக இவரை ஒன்றும் தெரியாத மேதாவி என்று மனசுக்குள் வைதுகொண்டிருந்தவன் நான். எல்லாம் தெரிந்துதான் செய்திருக்கிறார். ஒரு பொம்பளை ஒரு வார்த்தைக்காக நாலு நாளாகப் பக்கத்து சீட்டில் காத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள், இவர் ஒயருக்கு அ, ஆ எழுதி ஒட்டியிருக்கிறார். அம்மாவாவது, மரியாதையாவது.

"யோவ்!" என்றேன். பக்கத்து வெல்டிங் கடைக்காரர் வேலையை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தார். "நீயெல்லாம் ஒரு ஆம்பளையா? அவ கேக்கறது ஒரே ஒரு வார்த்தை. தப்பான வார்த்தையா இருந்தாலும் பரவால்ல, வாயத் திறந்து சொல்லித் தொலைய வேண்டியதுதானே? போய்யா. இப்பவே போ. ஃபியூஸும் கிடையாது, ஒரு மண்ணும் கிடையாது."

வீட்டு மாப்பிள்ளையை வாய்யா போய்யா என்று பேசிவிட்டேன். அவர் கோபித்துக்கொண்டு என் அம்மாவுக்குப் போன் போடுவார் என்று நினைத்தேன். என்னை ஒரு தடவை பார்த்தார். பிறகு பெயர்த்த டேஷ்போர்டும் தொங்குகிற ஒயருமாக வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார். நோட்டை ஜன்னல் வழியாக என் காலடியில் போட்டுவிட்டுத்தான் போனார்.

அதற்குப் பிறகு எனக்கு வேலை ஓடவில்லை. ஒரு வண்டிக்கு ஹார்ன் ஒயரைக் கொண்டுபோய் வைப்பரில் கொடுத்துவிட்டு அரை மணி நேரம் திட்டு வாங்கினேன். ஒன்றரை மணிக்குத் தங்கை கூப்பிட்டாள். மூக்கை உறிஞ்சிக்கொண்டே பேசினாள்.

"என்னண்ணா சொன்ன அவர்கிட்ட?"

"கொஞ்சம் தன்மையா எடுத்துச் சொன்னேன். வந்தாரா?"

"வந்தார். கூப்பிட்டு வண்டியில உக்காரச் சொன்னார். அந்த ஒயர்ச் சீட்டையெல்லாம் ஒவ்வொண்ணாப் பிச்சுப் போட்டார். அப்புறம் 'போகாத'ன்னார். நீ இல்லாம அந்த வீட்டுல என்னால இருக்க முடியாதுன்னு சொல்லி அழுதுட்டார்ணா. அவர் அழுது நான் பாத்ததே இல்ல."

அப்பாடா, குடும்பம் பிழைத்தது என்று ஸ்டூலில் உட்கார்ந்தேன். "போதும்மா. அந்தச் சம்மதக் காகிதத்தக் கிழிச்சுப் போட்டுட்டு நிம்மதியா இரு."

"கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டேன்."

"என்னது?"

"மேல போய்க் குடுத்துட்டு வந்துட்டேன். அடுத்த மாசம் கிளம்பறேன்."

"அடிப்பாவி! மனுஷன் அழுது போகாதன்னு சொன்னதுக்கு அப்புறமா?"

"அவர் வாயே திறக்காம இருந்திருந்தாலும் கையெழுத்துப் போட்டிருப்பேன்ணா," என்றாள். இப்போது அவள் குரலில் அழுகை இல்லை. "ஆனா திரும்பி வந்திருக்க மாட்டேன்."

போனை இன்னொரு காதுக்கு மாற்றிக்கொண்டேன்.

"இத அவர்கிட்ட சொன்னியா?"

"பக்கத்துலதான் உக்காந்திருக்கார்," என்றாள். "கேட்டுக்கிட்டுத்தான் இருக்கார்."