பதின்மூன்றாவது கையெழுத்து

மந்திரி ஒருவர் கையெழுத்துப் போடும்போதெல்லாம் எங்கள் ஆற்றின் மேல் ஒரு பலகை வந்து நின்றது. தலைநகர் பிஷ்கெக்கில் நாற்பத்தொரு நாள் மட்டும் இருந்த கூட்டணி அரசின் காலத்தில் இது நடந்தது. மந்திரிகள் பதின்மூன்று பேர். பெரிய கட்சிக்கு ஐந்து இடம், தெற்கத்தியவர்களின் கட்சிக்கு நான்கு, சண்டை போட்டுப் பிரிந்து மறுபடி சேர்ந்தவர்களுக்கு மூன்று, ஒரு சிறிய கட்சிக்கு ஒன்று. அந்த ஒரு இடத்தில் இருந்தவர் எசென்காசி, வயது அறுபத்தொன்பது, நீர்வள மந்திரி. அவர் கட்சி விலகினால் அரசு நிற்காது. பதின்மூன்று பேரும் கையெழுத்திடாமல் எதுவும் நிறைவேறாது என்று ஒப்பந்தத்திலேயே எழுதியிருந்தது.

அவர்களுக்குச் சமைத்தவள் எங்கள் தூரா-சூ கிராமத்து உல்கான். அவள் தங்கை கென்ஜெகான் அப்போது கர்ப்பிணி. ஆஸ்பத்திரி அக்கரையில் இருந்தது. முந்தின கோடையில் பனி உருகி வந்த வெள்ளத்தில் குதிரை இறங்க மறுத்து, அவளுடைய முதல் குழந்தை இக்கரையிலேயே இறந்து பிறந்தது. அதனால் உல்கான், பாலம் வேண்டும் என்று ஒரு தாளில் எழுதி, தேநீர் ஊற்றும்போது ஒவ்வொரு மந்திரியிடமும் நீட்டினாள். முதல் கையெழுத்து விழுந்த காலையில் கரையோரமாக ஒரு பலகை தண்ணீருக்கு மேலே நின்றது. கீழே தூண் இல்லை, மேலே கயிறும் இல்லை.

"ஆணியே இல்லாம எப்படிடா நிக்குது?" என்று கேட்டார் ஆடு மேய்க்கும் பர்பி.

"மந்திரி சபையே ஆணி இல்லாமத்தான நிக்குது" என்றான் கென்ஜெகானின் கணவன் ஆசில்பெக்.

பலகைகள் மந்திரிகள் உட்காரும் வரிசைப்படி வந்தன. பன்னிரண்டு வந்தபோது நடுவில், நீரின் வேகம் அதிகமான இடத்தில், ஒன்று மட்டும் குறைந்தது. அது ஏழாவது நாற்காலி, எசென்காசியுடையது.

"எஜே, அந்த ஏழாவது நாற்காலிக்காரரு இன்னும் போடலையா?" என்று அக்காவுக்குப் போன் செய்தாள் கென்ஜெகான். "வயிறு இறங்கிருச்சு."

"சாப்டுட்டுப் போடறேன்னாருடி. இன்னைக்கு ஆடு அறுத்திருக்கு, சந்தோஷமா இருப்பாரு."

அது நாற்பதாம் நாள். எங்கள் விருந்தில் எலும்புகளை வயதுப்படி வைப்போம், இடுப்பெலும்பு மூத்தவர்களுக்கு; ஆட்டுக்கு அது இரண்டுதான். ஒன்று பிரதமரின் மாமனாருக்குப் போய்விட்டது. மற்றது மந்திரிகளில் மூத்தவருக்கு. உல்கான் அதை வெண்தாடிக்காரர் ஒருவர் முன்னால் மரியாதையாக வைத்தாள். அவர் இளைஞர் நல மந்திரி, வயது நாற்பத்துநான்கு, முப்பதிலேயே நரைத்துவிட்டவர். எசென்காசியோ மந்திரி சபைப் படத்துக்காகத் தலைக்கும் மீசைக்கும் கரிக்கறுப்பாகச் சாயம் பூசியிருந்தார். அவர் தட்டில் சின்னவர்களுக்குத் தரும் முன்னங்கால் எலும்பு விழுந்தது. அவர் அதைத் தொடவில்லை. கைகூடக் கழுவாமல் எழுந்து போனார். மறுநாள் அவர் கட்சி விலகியது, அரசு விழுந்தது, உல்கானின் வேலையும் போயிற்று. புதிய அரசு பதவியேற்கும்வரை, விலகியவர் போக மற்றப் பன்னிரண்டு பேரும் காபந்தாக இருப்பார்கள் என்று வானொலி சொன்னது. பலகைகளும் அப்படியே காபந்தாக நின்றன. பதவியேற்பு வெள்ளிக்கிழமை நண்பகல்.

வியாழக்கிழமை உல்கான் தன் சொந்த ஆட்டை அறுத்து, இடுப்பெலும்பைக் கறியோடு வேகவைத்துத் துணியில் சுற்றி, எசென்காசியின் வீட்டுக்குப் போனாள்.

"தப்புப் பண்ணிட்டேன், பைகே, பெரியவரே. உங்க தலை கறுப்பா இருந்துச்சு."

உள்ளிருந்து அவர் மனைவி சொன்னாள்: "நான் அப்பவே தலையில அடிச்சுக்கிட்டேன், சாயம் வேண்டாம்னு. ஒரு அரசாங்கத்தையே கவுத்துட்டு வந்து உக்காந்திருக்காரு."

எசென்காசி துணியை அவிழ்த்துச் சாப்பிட்டார். ஒரு நார்கூட மிஞ்சாமல் எலும்பைச் சுத்தம் செய்தார்.

"உன் தாள்ல போட எனக்கு இப்ப அதிகாரம் இல்லம்மா" என்றார். "ஆனா இது எனக்கு வந்த பங்கு. இதுக்கு எவனும் ராஜினாமா கேக்க முடியாது." பேனாவை எடுத்து எலும்பின் மேல் தன் பெயரை எழுதிக் கொடுத்தார்.

வெள்ளி காலையில் கென்ஜெகானுக்கு வலி எடுத்தது. உல்கான் ஆறாவது பலகையில் மண்டியிட்டு எலும்பை இடைவெளியில் வைத்தாள். கை எடுத்தபோது அது பலகை அகலத்துக்கு விரிந்திருந்தது. கென்ஜெகான் அதன்மேல் நின்று ஒரு வலியைக் கடந்தாள். கால் சுடுகிற மாதிரி இருக்கிறது என்றாள். அவர்கள் அக்கரை ஏறிய சற்று நேரத்தில் நண்பகல் ஆனது. பன்னிரண்டு பலகைகளும் ஒவ்வொன்றாக, அவசரமில்லாமல், காணாமல் போயின. நடுவில் எலும்பு மட்டும் நின்றது.

ஒன்பது நாள் கழித்து கென்ஜெகான் மகளோடு திரும்பி வந்தபோது எலும்பு இரண்டு கரைகளையும் தொட்டிருந்தது. அவள் நடந்து வந்தாள். அதற்குப் பிறகு ஏழு அரசுகள் வந்து போயின. எவ்வளவு பனி கொட்டினாலும் அதன்மேல் தங்குவதில்லை.

போன இலையுதிர் காலத்தில் பாலங்களைக் கணக்கெடுக்க ஓர் அதிகாரி வந்தார்.

"இது எந்த அரசாங்கம் போட்டது?"

"எந்த அரசாங்கமும் இல்லைங்க" என்றார் பர்பி. "ஒரு மனுஷன் சாப்பிட்டு முடிச்சது."

அதிகாரி படிவத்தில் மரம், இரும்பு, சிமெண்ட் என்றிருந்த மூன்றையும் அடித்துவிட்டு, எலும்பு என்று எழுதினார். பிறகு நேரமாகிவிட்டது என்று அதன்மேல் நடந்து பஸ்ஸைப் பிடிக்கப் போனார்.