இடது கைக்கு ஒரு ரிவால்வர்

வர்ஜில் அமுண்ட்சனின் வலது கைக் கட்டைவிரல் போன அக்டோபரில் போயிற்று. கன்றின் மேல் கயிற்றை வீசிவிட்டு, மறுமுனையைச் சேணத்தின் கொம்பில் அவசரமாகச் சுற்றும்போது விரலையும் சேர்த்துச் சுற்றிவிட்டான்; கன்று இழுத்த இழுப்பில் அது அறுந்து விழுந்தது. டிரை ஃபோர்க் பக்கம் மாடு வளர்ப்பவர்களில் பல பேருக்கு இப்படி ஒன்றிரண்டு விரல் குறையும். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. விரலோடு வந்தால் ஒட்டிப் பார்க்கலாம் என்று டாக்டர் தொலைபேசியில் சொன்னார். ஆனால் விரல் விழுந்த இடத்துக்கு எல்லோருக்கும் முன்னால் நாய் போய்ச் சேர்ந்துவிட்டது. வர்ஜில் அந்த நாயை அடிக்கவில்லை, திட்டவும் இல்லை. குளிர்காலம் முழுக்க அதன் முகத்தைப் பார்க்காமல் தீனி வைத்தான், அவ்வளவுதான்.

விரல் போனது ஊருக்கே தெரியும். அது இல்லாமல் என்னென்ன முடியவில்லை என்பதை மட்டும் அவன் யாரிடமும் சொல்லவில்லை. சட்டைப் பொத்தான், சோப்பு, கதவுச் சாவி எல்லாம் மெல்ல மெல்லப் பழகிப்போயின. பழகாதது, இடுப்பில் தொங்கிய அவனுடைய நாற்பத்தைந்து.

அது பழைய வகை ரிவால்வர்; நாற்பத்தைந்து என்பது குண்டின் பருமன். விசையை அழுத்தினால் மட்டும் சுடாது. ஒவ்வொரு தோட்டாவுக்கும் முன்னால், குதிரை என்று சொல்லும் சின்னச் சுத்தியலைக் கட்டைவிரலால் பின்னுக்கு இழுத்து நிறுத்த வேண்டும். கட்டைவிரல் இல்லாதவனுக்கு அது வெறும் இரும்புக் கனம். ஆனாலும் வர்ஜில் தினமும் காலையில் அதை மாட்டிக்கொண்டுதான் வீட்டைவிட்டு இறங்கினான். இருபது வயதில் வாங்கியது. அது இல்லாமல் நடந்தால் ஒரு பக்கமாகச் சாய்வதுபோல இருந்தது.

இதில் இன்னொரு சங்கடமும் இருந்தது. மேபிளின் காப்பிக் கடையில் அவனும் பக்கத்துப் பண்ணை கிளெல் டிபெட்ஸும் வருஷக்கணக்காக ஒரே சண்டையைப் போட்டு வந்தார்கள். கிளெல் நாற்பத்துநான்கின் கட்சி.

"நாப்பத்தஞ்சு மெதுவாப் போற குண்டுடா. சுட்டுட்டு, காப்பி குடிச்சிட்டுப் போய்ப் பாத்தா அப்பத்தான் போய்ச் சேர்ந்திருக்கும்" என்பான் கிளெல்.

"போய்ச் சேர்ந்தா சேர்ந்ததுதான். உன்னுது சத்தம் மட்டும்தான், உன்னை மாதிரியே" என்பான் வர்ஜில். பிறகு கடையைச் சுற்றி ஒரு பார்வை பார்த்துவிட்டுத் தீர்ப்பு சொல்வான்: "நாப்பத்தஞ்சுக்குக் கீழ இருக்கிறதெல்லாம் பொத்தான் தைக்கிற ஊசி. அதைத் துப்பாக்கின்னு சொல்றவன் சட்டை தைக்கப் போகலாம்."

இப்படிப் பேசியவன், நான் இப்போது எதையுமே சுட முடியாது என்று எந்த வாயால் சொல்வான்?

மே மாதம் அது தானாக வெளியே வந்தது. கிளெலின் மாடுகள் சில வேலி தாண்டி வந்துவிட, இருவரும் குதிரையில் போய் அவற்றைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். தண்ணீர்த் தொட்டி அருகே வர்ஜில் இறங்கினான். தொட்டியின் நிழலில் சுருண்டு கிடந்த கிலுகிலுப்பைப் பாம்பு வாலை ஆட்டத் தொடங்கியது.

"சுடுடா! என்னடா பாத்துக்கிட்டு நிக்கிற?" என்று கிளெல் குதிரை மேலிருந்து கத்தினான்.

வர்ஜில் இரண்டடி பின்வாங்கி, நான்கு விரலால் ரிவால்வரைப் பிடித்து, இடது உள்ளங்கையால் அதன் குதிரையை இழுத்து, சுட்டும்விட்டான். தாழ்ப்பாள் இல்லாத கதவு மாதிரி கை திறந்துகொண்டது. ரிவால்வர் எகிறி, காற்றில் ஒரு குட்டிக்கரணம் அடித்து, தொட்டித் தண்ணீருக்குள் விழுந்தது. குண்டு தகரத் தொட்டியைத் துளைத்திருந்தது. துளையிலிருந்து பீறிட்ட தண்ணீர் நேராகப் பாம்பின் தலைமேல் விழுந்தது. அது சற்று நேரம் குளித்துவிட்டு, இப்படிப்பட்டவர்களோடு சகவாசம் வேண்டாம் என்பதுபோல ஊர்ந்து போனது.

கிளெல் குதிரையின் கழுத்தைக் கட்டிக்கொண்டு சிரித்தான். தோள்வரை கையைத் தண்ணீருக்குள் விட்டு ரிவால்வரைத் தேடிக்கொண்டிருந்த வர்ஜிலின் முகத்தைப் பார்த்த பிறகுதான் நிறுத்தினான்.

"எத்தனை நாளா இப்படி?"

"எப்படி?"

"வர்ஜில்."

"அக்டோபர்லேருந்து."

"அப்போ இத்தனை மாசமா சும்மா ஒரு காலித் துப்பாக்கியையா மாட்டிக்கிட்டுத் திரிஞ்ச?"

"காலி இல்ல. தோட்டா இருக்கு. சுடத்தான் முடியாது."

"அதுக்கு ஒரு வாணலியை மாட்டிக்கிட்டு வந்திருக்கலாமே. முட்டை பொரிக்கவாவது ஆகியிருக்கும்."

கிளெல் நல்லவன்தான். ஆனால் ஒரு செய்தியை வயிற்றில் வைத்துக்கொண்டு தூங்க அவனால் முடியாது. மறுநாள் மேபிளின் கடையில் அப்பம் தின்றுகொண்டிருந்தவர்கள் எல்லோரும் வர்ஜிலுக்கு எந்த ரிவால்வர் சரிப்படும் என்பதில் ஆளுக்கொரு முடிவுக்கு வந்துவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை கோயில் முடிந்ததும் ஊருக்கு வெளியே சரளைக் குழிக்கு வர்ஜிலை ஏறக்குறைய தூக்கிக்கொண்டே போனார்கள். ஆர்லிஸ், வர்ஜிலின் மனைவி, வண்டியின் பின்பலகையில் காப்பிக் குடுவையோடு உட்கார்ந்துகொண்டாள்.

இனி இடது கைதான் என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. ஆனால் அந்தக் கையின் மணிக்கட்டை முன்பொரு பெண்குதிரை மிதித்து உடைத்திருந்தது. அவனுடைய நாற்பத்தைந்தையே முதலில் கொடுத்துப் பார்த்தார்கள். இரண்டாவது வெடியில் வலி முழங்கைவரை ஏறியது. மூன்றாவதுக்கு, சுடுவதற்கு முன்பே கண்ணை மூடிக்கொண்டான். பாதிரியார் தன் முப்பத்தெட்டைக் கொடுத்தார். பிடி தடிமன், குதிரை எட்டவில்லை.

"தள்ளுங்க எல்லாரும்" என்று கிளெல், தோட்டாவில் மருந்து கூடுதலாக அடைத்த தன் நாற்பத்துநான்கு மேக்னத்தோடு வந்தான். "பாதிப் பாதியாப் பழகினா ஒண்ணும் வராது. பெருசாப் பழகு, கை தானா வழிக்கு வரும்."

வெடித்தது. குழல் வானத்தைப் பார்க்கப் போன வேகத்தில் வர்ஜிலின் தொப்பி விளிம்பைத் தட்டிவிட்டது. தொப்பி ஒரு பக்கம் போயிற்று, வர்ஜில் இன்னொரு பக்கம் சரளையில் உட்கார்ந்தான். எதிரே தகர டப்பா அசையாமல் நின்றது.

"தொப்பி செத்துப்போச்சு" என்றான் கிளெல்.

அப்போது ஆர்லிஸ் கோட்டுப் பையிலிருந்து தன் துப்பாக்கியை எடுத்து நீட்டினாள். அவளுடைய அப்பாவின் முப்பத்திரண்டு. கோழிக்கூட்டுக்கு நரி வரும்போது மட்டும் அதற்கு வேலை.

"இதப் பிடிச்சுப் பாரு."

சுற்றி நின்றவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். "நூல் கோத்திருக்கியா, ஆர்லிஸ்?" என்று யாரோ கேட்டார்கள். அந்த ஊசிக் கதையைச் சொல்லிக் கொடுத்தவனே வர்ஜில்தானே. அவன் காது மடல் சிவக்க, "விளையாடாத. உள்ள வை" என்றான். ஆர்லிஸ் அதை உள்ளே வைத்துக்கொண்டாள்.

செவ்வாய்க்கிழமை அவள் ஊருக்குள் போயிருந்தபோது, வர்ஜில் சமையலறை இழுப்பறையைத் திறந்து அந்த முப்பத்திரண்டை எடுத்துக்கொண்டு கொட்டகைக்குப் பின்னால் போனான். ஒரே ஒரு முறைதான் என்று தனக்கே சொல்லிக்கொண்டான். இடது கட்டைவிரல் பட்டதும் குதிரை சொல் கேட்கும் பிள்ளை மாதிரி பின்னால் வந்து நின்றது. சின்னச் சத்தம். மணிக்கட்டில் ஒரு தட்டு, அவ்வளவுதான். வேலிக் கம்பத்தின் மேலிருந்த பீன்ஸ் டப்பா காணாமல் போயிற்று. வர்ஜில் கையிலிருந்ததைப் பார்த்தான், கம்பத்தைப் பார்த்தான். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு இன்னொரு டப்பாவை வைத்தான்.

தோட்டா போடும்போது இன்னொன்றும் புரிந்தது. தோட்டா நுழைக்கும் வாசல் வலப்பக்கம் இருந்ததால், இடது கையில் பிடித்தபடியே வலது கையின் குறை விரல்களாலும் நுழைக்க முடிந்தது. இதெல்லாம் இடது கைக்காரனுக்கென்றே செய்தது போலிருந்தது. இத்தனை வருஷம் வலது கையில் தலைகீழாகப் பிழைத்திருக்கிறோமோ என்றுகூட நினைத்தான்.

அந்த வாரம் ஆர்லிஸ் எப்போது வெளியே போவாள் என்று அவன் காத்துக்கொண்டிருந்தான். சனிக்கிழமை அவள் இழுப்பறையைத் திறந்து, தோட்டாப் பெட்டியைக் காதருகே ஆட்டிப் பார்த்தாள்.

"நரி வந்துச்சா?"

"வந்துச்சு."

"எத்தனை?"

"ஒண்ணு."

"ஒரு நரிக்கு அரைப் பெட்டியா? நரியைச் சுட்டியா, இல்ல அதுக்குச் சுடக் கத்துக்குடுத்தியா?"

வர்ஜில் உருளைக்கிழங்கில் கவனமாக உப்புப் போட்டான்.

"வேணும்னா வாய் திறந்து கேளு" என்றாள் ஆர்லிஸ்.

"எனக்கு எதுக்கு அது? சும்மா துடைச்சு வச்சேன். துரு ஏறியிருந்துச்சு." கொஞ்ச நேரம் மென்றான். "சரி, ஒரு பேச்சுக்குக் கேக்குறேன். கொடுக்கிறதுன்னா என்ன கேப்ப?"

"உன் நாப்பத்தஞ்சு."

முள்கரண்டி தட்டில் விழுந்தது. கல்யாணமான முதல் கோடையில் ஆர்லிஸ் அதை ஒரு தடவை சுட்டுப் பார்க்கக் கேட்டாள். உன் கைக்கு அது ஆகாது என்று சொல்லி அவன் உறையில் போட்டுக்கொண்டான். அதற்குப் பிறகு அவள் கேட்டதே இல்லை. மறந்துவிட்டாள் என்றுதான் அவன் நினைத்திருந்தான்.

"அது உனக்கு ஜாஸ்தி, ஆர்லிஸ்."

"லாரி நிறையத் தீவன மூட்டை இறக்கினேனே, போன மாசம்? அது ஜாஸ்தியா இல்லையா?"

அந்தச் சாப்பாடு அத்தோடு முடிந்தது. மறுநாளிலிருந்து முப்பத்திரண்டு இழுப்பறையில் இல்லை. ஆர்லிஸின் கோட்டுப் பையில் இருந்தது, கோட்டு ஆர்லிஸின் மேல் இருந்தது.

திங்கட்கிழமை வர்ஜில் ஓலீட்டா அத்தையின் கடைக்குப் போனான். ஊர் முழுக்க அத்தை என்று கூப்பிடும் அந்தக் கிழவி சேணம், காலணி, துப்பாக்கி மூன்றும் விற்றாள். காது மந்தம். காது கேட்கும் கருவியைக் கல்லாப் பெட்டிக்குள் பத்திரமாக வைத்திருந்தாள். கடையில் வேறு ஆள் கண்ணில் படவில்லை. வர்ஜில் கண்ணாடிப் பெட்டியின்மேல் குனிந்தான்.

"அத்தை, முப்பத்திரெண்டு இருக்கா?"

"யாருக்கு முப்பத்திரெண்டு வயசு?"

"வயசில்ல. ரிவால்வர். முப்பத்திரெண்டு."

"சத்தமாப் பேசுடா கண்ணு. தொண்டையில என்ன, நாய் அதையும் தின்னுடுச்சா?"

"முப்பத்திரெண்டு!" என்று கத்திவிட்டான் வர்ஜில். "எனக்கு ஒரு முப்பத்திரெண்டு வேணும்!"

காலணி அலமாரிக்குப் பின்னால் ஏதோ தடாலென்று விழுந்தது. ஒரு காலில் பூட்ஸும் ஒரு காலில் சாக்ஸுமாகக் கிளெல் நொண்டிக்கொண்டு வெளியே வந்தான். அவன் முகத்தில் அப்படியொரு ஆனந்தத்தை வர்ஜில் அவனுடைய கல்யாணத்தில்கூடப் பார்த்ததில்லை. எதிரே இருந்த பெஞ்சில் உட்கார்ந்து, தொப்பியால் முகத்தை மூடிக்கொண்டு, தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்தான். வர்ஜில் பொறுமையாக நின்றான். ஓடுவதற்கு இனி இடமில்லை.

கிளெல் கண்ணைத் துடைத்துக்கொண்டான். "உண்மையைச் சொல்லு. குறியில படுதா?"

"பத்துக்கு எட்டு."

"இடது கைலயா?"

"இடது கைல."

"நான் வலது கைல அஞ்சு" என்றான் கிளெல், யாரிடமோ சொல்வதுபோல.

ஓலீட்டா அத்தை இதற்குள் கருவியை எடுத்துக் காதில் மாட்டியிருந்தாள். "முப்பத்திரெண்டு இப்ப வர்றதே இல்லடா. இந்தச் சுத்து வட்டாரத்துல ரெண்டுதான் இருக்கு. ஒண்ணு உன் பொண்டாட்டிகிட்ட, இன்னொண்ணு என்கிட்ட. என்னுது நான் செத்த பிறகுதான்."

"நான் காத்திருக்கேன், அத்தை."

"காத்திரு. எங்கம்மா தொண்ணூத்தாறு வரைக்கும் இருந்தா."

வெளியே வந்து இருவரும் வண்டியில் சாய்ந்து நின்றார்கள். ஆர்லிஸ் கேட்ட விலையை வர்ஜில் சொன்னான். கிளெல் சீட்டி அடித்தான்.

"கொடுத்துடுடா."

"நீ உன் நாப்பத்துநாலை உன் பொண்டாட்டி வெர்னாவுக்குக் கொடுப்பியா?"

"வெர்னா கேக்கவே மாட்டா."

"வேணுமான்னு நீ கேட்டுப் பாத்திருக்கியா?"

கிளெல் தன் புது பூட்ஸையே பார்த்துக்கொண்டிருந்தான். அதற்கு இன்னும் விலை கொடுக்கவில்லை என்பது நினைவுக்கு வந்து உள்ளே போனான்.

அன்று மதியம் வர்ஜில் நாற்பத்தைந்தை அடுக்களை மேசையில் பிரித்துப்போட்டுத் துடைத்தான். கடைசித் தடவையாக எண்ணெய் போட்டான். ஆர்லிஸின் இடுப்புக்கு வார் பெரிது. புதிதாகத் துளை போட வேண்டியிருந்தது. குத்தூசியை நான்கு விரலால் பிடித்துப் போராடியும் துளை கோணலாகத்தான் விழுந்தது. ஆர்லிஸ் உதவிக்கு வரவில்லை. வரக் கூடாது என்று அவளுக்குத் தெரிந்திருந்தது.

"இந்தா" என்று நீட்டினான். "ஆறு அறைல அஞ்சுதான் போடணும். குதிரைக்கு நேரா ஒண்ணு காலியா விடணும். இறுக்கிப் பிடிக்காத. முழங்கையை…"

"தெரியும்."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"இத்தனை வருஷமா மேபிள் கடையில நீ கத்தினது வீட்டுக்கும் கேட்டுச்சு."

பக்கத்தில் நின்று பார்க்க அவனுக்கு மனம் வரவில்லை. வேலியில் ஒரு கம்பம் ஆடுகிறது என்று சொல்லிவிட்டு மேட்டுக்கு அந்தப் பக்கம் போனான். கம்பம் ஆடவில்லை. அதில் கையை வைத்துக்கொண்டு நின்றான். நாயும் வந்து காலடியில் உட்கார்ந்தது.

முதல் வெடி கேட்டது. வர்ஜில் திடுக்கிட்டான். இத்தனை வருஷமும் அந்தச் சத்தத்துக்குப் பின்னாலேயே நின்றவன், ஒரு தடவைகூட அதைத் தூரத்திலிருந்து கேட்டதில்லை. ஆழமாக, நிதானமாகப் புறப்பட்டு, ஓடையின் மறுகரைப் பாறைவரை போய்த் திரும்பி வந்தது. அழகாக இருந்தது. அலறல் எதுவும் கேட்கிறதா என்று காதைத் தீட்டினான். இரண்டாவது வெடிதான் கேட்டது, பிறகு தகரம் உருளும் சத்தம். மூன்றாவதற்கு மேல் அங்கே நிற்க முடியாமல் மேட்டைத் தாண்டி ஓடினான்.

ஆர்லிஸ் தொப்பி கலையாமல் நின்றுகொண்டிருந்தாள். கன்னம் சிவந்திருந்தது. "இவ்வளவு நல்லதை இத்தனை வருஷமா நீ மட்டும் வச்சிருந்தியா?" என்றாள். கோபமாகவும் தெரியவில்லை, விளையாட்டாகவும் தெரியவில்லை.

வர்ஜில் டப்பாக்களைப் பொறுக்கிக் கம்பங்களின்மேல் அடுக்கினான். ஆர்லிஸ் கோட்டுப் பையிலிருந்து முப்பத்திரண்டை எடுத்து அவன் இடது கையில் வைத்தாள். மாறி மாறிச் சுட்டார்கள். அவளுடையது இடித்தது, அவனுடையது இருமியது. டப்பாக்கள் இரண்டுக்கும் ஒரே மாதிரிதான் விழுந்தன. தோட்டாப் பெட்டிகள் காலியாகும்வரை இருவரும் வீட்டுக்குள் போகவில்லை.

அடுப்பில் வைத்த பீன்ஸ் கருகிப்போயிருந்தது. ரொட்டியும் ஊறுகாயும் வைத்துச் சாப்பிட்டார்கள். இரண்டு பேருக்கும் காது அடைத்துப்போயிருந்ததால், ஒரு மேசைக்கு இரண்டு பக்கம் உட்கார்ந்துகொண்டு, பக்கத்துப் பண்ணைக்கே கேட்கிற மாதிரி கத்திப் பேசிக்கொண்டார்கள்.