ஏரி வழியாப் போ

ஸ்பேனர் மறுபடியும் வழுக்கியது. விரல் முட்டி கம்பியில் இடித்துத் தோல் வழன்றது. அவள் விரலை வாயில் வைத்துக்கொண்டு அந்த போல்ட்டை முறைத்தாள். ஸ்கூல் பிள்ளைகள் தலையை வெளியே நீட்டிவிடக் கூடாதென்று அவளே மெக்கானிக்கிடம் சொல்லிப் போட்டது. அது இருக்கும்வரை அவள் ஓட்டும் ஸ்கூல் வேனின் ஜன்னல் கண்ணாடி ஒரு கை நுழையும் அளவுக்கு மேல் திறக்காது. சாலையோரம் நின்றிருந்த வேனை ஒவ்வொரு லாரியும் உலுக்கிவிட்டுப் போயிற்று.

உள்ளே சீட்டுகளைக் கழற்றிவிட்டு விரித்த மெத்தையில் அப்பா படுத்திருந்தார். தலைமாட்டில் ஆக்சிஜன் சிலிண்டர் சீறிக்கொண்டிருந்தது. அது உருளாதபடி அம்மா காலை அண்டக் கொடுத்து உட்கார்ந்திருந்தாள்.

“விட்டுட்டு வண்டிய எடு,” என்றாள் அம்மா. “அவரு எதையாச்சும் சொல்லிட்டுதான் இருப்பாரு.”

“மூச்சு முட்டுதுங்கறாரும்மா.”

“மூக்குல குழாயே வெச்சிருக்கு. அதுல வராத காத்தா?”

அப்பா கண்ணைத் திறக்கவில்லை. மெத்தைமேல் கிடந்த கையில் ஒரு விரல் மட்டும் திருகுவதுபோல் அசைந்தது. கழற்று என்று அர்த்தம்.

காலையில் டாக்டர் அவளை வார்டுக்கு வெளியே கூப்பிட்டு, “வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறதுன்னா இன்னைக்கே கூட்டிட்டுப் போயிடுங்க,” என்று மட்டும் சொன்னார். ஆம்புலன்ஸ் சொல்லலாம் என்றதும் அப்பா வேண்டாமென்று தலையை ஆட்டிவிட்டார். “அந்தப் பெட்டிக்குள்ள என்னைப் போட்டு அடைக்காதீங்க. டிரைவரம்மா வேன்ல வரேன்.” அவள் வேன் ஓட்டத் தொடங்கிய நாளிலிருந்து அப்பாவுக்கு அவள் டிரைவரம்மாதான்.

ராணுவத்தில் இருந்தபோது பதுங்குகுழி சரிந்து ஒரு ராத்திரி முழுக்க மண்ணுக்குள் கிடந்தவர். கூட இருந்தவரை உயிரோடு எடுக்க முடியவில்லை. இதற்குமேல் அந்தக் கதையில் ஒரு வார்த்தை அவர் சேர்த்ததில்லை. ஆனால் வீட்டில் எந்த ஜன்னலையும் சாத்த விட்டதில்லை. “மழை உள்ள வந்தா தொடைச்சுக்கலாம்,” என்பார். துடைத்தது அம்மா.

ராணுவத்திலிருந்து வந்ததும் மின்கம்பம் ஏறும் வேலைக்குப் போனார். புயலடித்து ஊரெல்லாம் வீட்டுக்குள் ஓடும்போது அவர் வெளியே ஓடுவார். லீவு நாளிலாவது படுப்பாரா என்றால், விடியும்முன் போர்வையை உருவிப் பிள்ளைகளை ஏரிக்கோ மலைக்கோ கிளப்பிவிடுவார். தூண்டில், கூடாரம், கரி பிடித்த கெட்டில். கொசுக்கடியில் அண்ணன், “இதுக்கு ஸ்கூலே பரவால்லப்பா,” என்று அழுவான். அவரோ அவனைத் தோளில் தூக்கிக்கொண்டு மலை ஏறுவார்.

போல்ட் சட்டென்று இளகியது. கண்ணாடியைத் தள்ளியதும் காற்று உள்ளே பாய்ந்தது. அப்பாவின் நெற்றி முடி எழும்பிப் படிந்தது.

“கிளம்பு டிரைவரம்மா.”

அவள் கிளப்பினாள். போன் அடித்தது. அண்ணன்.

“எங்கதான் இருக்கீங்க? எவ்வளவு நேரமா வாசல்லயே நிக்கறேன்.”

“வந்துட்டே இருக்கோம்.”

“இதையேதான் அப்பவும் சொன்ன. உள் ரூம்ல ஏசி போட்டு கட்டிலெல்லாம் ரெடி. அப்பா பேசறாரா?”

“பேசறாரு. வைண்ணா, ஓட்டிட்டு இருக்கேன்.”

சிக்னலில் பச்சை விழுமுன்பே கிளட்சை விட்டாள். முன்னால் ஒரு சிமென்ட் லாரி ஆடி அசைந்து போனது. இடது பக்கம் ஏறப் பார்த்தாள், வழியில்லை. ஹாரனை அழுத்தினாள், விட்டாள், மறுபடி அழுத்தினாள். ஸ்டியரிங்கில் உள்ளங்கை வழுக்கியது. வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்துவிட வேண்டும். அது ஒன்றுதான் மனதில் ஓடிக்கொண்டிருந்தது.

“தினமும்... இப்படித்தான் ஓட்டுவியா?” என்றார் அப்பா. மூச்சு வாங்கியது. “புள்ளைங்க பாவம்.”

அம்மா சிரித்துவிட்டாள். பிறகு தாழ்ந்த குரலில் அவரோடு பேசத் தொடங்கினாள். எஞ்சின் சத்தத்தில் பாதிதான் முன்னால் வந்தது. “...கல்யாணம் ஆன புதுசுல எல்லாரும் சொந்தக்காரங்க வீட்டுக்கு விருந்துக்குப் போவாங்க. நீங்க என்னைக் கூடாரத்துல கொண்டுபோய்ப் படுக்க வெச்சீங்க. முதுகுக்குக் கீழ கல்லு. நரி ஊளையிடுது. நான் பயந்து உங்களை எழுப்பறேன், நீங்க என்னடான்னா...”

லாரி ஒருவழியாக ஒதுங்கியது. அவள் கியரை மாற்றி முந்தினாள். அப்புறம் ஒரு பாலம், ஒரு பெட்ரோல் பங்க், மூடிய கடைகள். அம்மாவின் குரல் எப்போது நின்றது என்று அவளுக்குத் தெரியவில்லை.

பாதை பிரியும் இடத்தில் பைபாஸ் பக்கம் இண்டிகேட்டரைப் போட்டாள்.

“ஏரி வழியாப் போ,” என்றாள் அம்மா.

“அது சுத்தும்மா. அண்ணன் வேற...”

“தெரியும். ஏரி வழியாப் போ.”

அவள் இண்டிகேட்டரை மாற்றினாள்.

ஏரிக்கரைச் சாலை குறுகலானது, குண்டும் குழியும். குழிகளை ஒதுக்கி வேகத்தைக் கூட்டினாள். வளைவு திரும்பியதும் பிரேக்கை மிதித்தாள். சாலை முழுக்க வாத்துகள். அறுத்த வயலிலிருந்து ஏரிக்கு, கழுத்தை நீட்டியபடி, ஒன்றையொன்று இடித்துக்கொண்டு போய்க்கொண்டிருந்தன. நீண்ட கம்போடு வாத்துக்காரர் நடுச்சாலையில் நின்று கையை உயர்த்தினார். பக்கத்து சீட்டில் போன் அடிக்கத் தொடங்கியது. அவள் கை ஹாரனுக்குப் போனது.

“அடிக்காத,” என்றாள் அம்மா. “போகட்டும். இப்ப என்ன அவசரம்.”

சிலிண்டரின் சீறல் கேட்கவில்லை என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. தலைக்கு மேலிருந்த கண்ணாடியில் பின்னால் பார்த்தாள். அம்மா குழாயை எடுத்துவிட்டிருந்தாள். அது கன்னத்தில் அழுத்தியிருந்த தடத்தை முந்தானையால் மெல்லத் தேய்த்துக்கொண்டிருந்தாள். அப்பாவின் மார்பில் போர்வை ஏறவுமில்லை, இறங்கவுமில்லை.

அம்மா நிமிர்ந்தாள். கண்ணாடிக்குள் இருவர் கண்ணும் சந்தித்தன. அவள் சாவியைத் திருகி எஞ்சினை அணைத்தாள்.

முன்னால் போன வாத்துகள் தண்ணீரில் இறங்கத் தொடங்கியிருந்தன. கடைசியில் வந்த ஒன்று மட்டும் நடுச்சாலையில் உட்கார்ந்துகொண்டு இறகைக் கோதியது. வாத்துக்காரர் வேனைப் பார்த்துச் சங்கடமாகச் சிரித்தார். பிறகு கம்பைத் தரையில் ஊன்றிக்கொண்டு, அது எழுந்திருக்கட்டும் என்று நின்றார்.