பிழையுள்ள பிளக்ஸுக்கு வருகிறவர்கள்

கண்ணீர் அஞ்சலி பிளக்ஸில் எழுத்துப்பிழை இருந்தால், செத்தவர் மறுநாள் சாயங்காலம் வந்து அதன் கீழே உட்காருவார். விருதுநகர், சிவகாசி வட்டாரத்தில் இது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். பிழையில்லாத பிளக்ஸுக்கு யாரும் வருவதில்லை. முன்பெல்லாம் அஞ்சலி வாசகத்தை யாராவது வாத்தியார் பார்த்துக் கொடுத்த பிறகுதான் அச்சுக்குப் போகும், அதனால் செத்தவர் செத்தவராகவே இருந்தார். பிறகு ஆளுக்கொரு செல்போன் வந்தது. ஜனங்கள் வாய்க்கு வந்ததை விரல் போன போக்கில் எழுதத் தொடங்கினார்கள். ழகரமும் ளகரமும் ஒன்றாயின, ஒற்று என்று ஒன்று இருந்ததே மறந்துபோனது. சிவகாசியில் பிளக்ஸ் கடை வைத்திருக்கும் மாரிக்கண்ணன், இழவு வீட்டார் வாட்ஸ்அப்பில் அனுப்புவதை வந்தது வந்தபடி அடித்துக் கொடுப்பான். காலண்டர் சீசனில் உட்கார்ந்து திருத்த அவனுக்கு ஏது நேரம்? முதன்முதலில் வந்தவர் ஏழாயிரம்பண்ணைக்காரர் ஒருவர். பஸ் ஸ்டாப்பில் தன் படத்துக்குக் கீழே உட்கார்ந்துகொண்டு, போகிறவர் வருகிறவரிடமெல்லாம் பீடி கேட்டார். ஊர் கொஞ்ச நாள் பயந்தது, அப்புறம் பழகிவிட்டது. வருகிறவர்கள் எதையும் சாப்பிடுவதில்லை, விளக்கு வைத்ததும் எழுந்து போய்விடுவார்கள், பிளக்ஸ் கிழிகிற வரைக்கும் தினமும் வருவார்கள். டீக்கடைக்காரர்களுக்குத்தான் சங்கடம். பெஞ்சு அடைபடும், ஒரு டீ போணியாகாது.

விருதுநகரில் தமிழாசிரியரான ஜெயசுந்தர் இதையெல்லாம் பட்டிக்காட்டுப் பேச்சு என்று ஒதுக்கியவர். பிழை கண்டால் அந்த மனுஷனுக்குப் பொறுக்காது. சர்ச் அசன விருந்து நோட்டீஸ் அவர் கண்ணில் படாமல் அச்சேறாது. சபை வாட்ஸ்அப் குழுவில் யாராவது பிறந்தநாள் வாழ்த்துப் போட்டால், அதே வாழ்த்தைத் திருத்தி அடுத்த நிமிஷம் இவர் போடுவார். பிறந்தநாள்காரர் யாருக்கு நன்றி சொல்வது என்று தெரியாமல் முழிப்பார். அவருடைய மனைவி சுகிர்தா தாயில்பட்டிப் பக்கம் கவர்மெண்ட் நர்ஸ். வரும்போது தயிர் வாங்கி வரச்சொல்லி அவள் மெசேஜ் அனுப்பினால், இவர் முதலில் அதைத் திருத்தி அனுப்பிவிட்டுத்தான் தயிர் வாங்கப் போவார். கொஞ்ச காலத்தில் அவள் எழுதுவதையே நிறுத்திவிட்டாள். எதுவானாலும் போன்தான். கிறிஸ்துமஸ் முடிந்த வாரம், துணி காயப்போட மாடிக்குப் போனவள் அங்கேயே சாய்ந்தாள். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் முன்னே உயிர் போய்விட்டது.

மாரிக்கண்ணன் துக்கத்துக்கு வந்தபோதே மெதுவாகச் சொன்னான்: "சார், வாசகத்தை எங்கிட்ட விட்டுருங்க. நான் பாத்துக்கிடுதேன்." ஜெயசுந்தர் கேட்கவில்லை. பொண்டாட்டி பெயரில் பிழையோடு ஒரு பிளக்ஸ் தெருவில் நிற்பதா? தானே எழுதினார், தானே திருத்தினார். தன்னலமற்ற தொண்டின் இலக்கணமாய்த் திகழ்ந்து கர்த்தருக்குள் நித்திரையடைந்த என்று தொடங்கி, ஒரு புள்ளி பிசகாமல் முடித்தார். வாசலில் கட்டியதும், நம்பாத மனுஷன், இரண்டு நாற்காலியும் எடுத்துப் போட்டார். ஒன்றில் அவர் உட்கார்ந்தார். மற்றொன்றில் தெரு நாய்கூட ஏறவில்லை.

அடுத்த தெருவில் ராக்கப்பனுக்குச் செத்துப்போன பொண்டாட்டி தினமும் வந்துகொண்டிருந்தாள். இரும்புக்கடை வைத்திருந்த ராக்கப்பனுக்குத் தன் கையெழுத்தே தகராறு. அவன் அனுப்பிய வாசகத்தில் செத்தது அவனா அவளா என்பதே பிடிபடாது. ஆனால் அவள் வந்தாள். வந்து, அழுக்கு வேட்டி கட்டியிருக்கிறானே என்று அவனை ஏசினாள். அவன் அந்த ஏச்சைத் தலையைக் குனிந்து சிரித்தபடி கேட்டுக்கொண்டிருந்தான். ஜெயசுந்தர் பால் வாங்கப் போகிற சாக்கில் தினமும் அந்தத் தெரு வழியே போனார். உயிரோடு இருந்தபோது அந்தப் பொம்பளையை ராக்கப்பன் ஒருநாளாவது ஒழுங்காக வைத்திருந்தானா? தான் சுகிர்தாவை ஒரு வார்த்தை கடிந்து பேசியதுண்டா? திருத்தியதுண்டு, அது வேறு. பாஸ்டரிடம் போய்க் கேட்டார். அவர், வருகிறவர்களைத் தடுக்கவும் வேதத்தில் இல்லை, வராதவர்களை அழைக்கவும் இல்லை என்று சொல்லி, காப்பி கொடுத்து அனுப்பினார்.

கடைசியில் மானத்தை விட்டு, பிழையோடு இன்னொரு பிளக்ஸ் போட்டார். எங்கே எந்த எழுத்தைக் கெடுப்பது என்று யோசித்து யோசித்து, படிக்கிறவர் முகம் சுளிக்காத இடங்களாகப் பார்த்துக் கெடுத்தார். அதற்கும் அவள் வரவில்லை. மாரிக்கண்ணன் வந்து பிளக்ஸை மேலும் கீழும் பார்த்தான்.

"சார், கோவிச்சுக்கிடாதீக. தப்பக்கூட நீங்க சரியாப் போட்டிருக்கீக."

பிறகு, சொல்லலாமா வேண்டாமா என்று கொஞ்ச நேரம் தலையைச் சொறிந்துவிட்டுச் சொன்னான்: "அக்கா தாயில்பட்டிக்கு வந்துக்கிட்டுத்தான் இருக்காக, சார். அங்கன கம்பெனிக்குப் போற பொம்பளைக சேர்ந்து ஒரு பிளக்ஸ் போட்டாக. ஒங்களுக்குத் தெரியும்னுல்ல நெனைச்சேன்."

ஜெயசுந்தர் சட்டையைக்கூட மாற்றாமல் கிளம்பி, சிவகாசியில் பஸ் மாறி, வெயில் தாழ்கிற நேரத்தில் தாயில்பட்டியில் இறங்கினார். வேப்பமரத்தில் பிளக்ஸ் கட்டியிருந்தது. அதில் சுகிர்தாவின் பெயரே தப்பு, ஊர் தப்பு, இறந்தார் என்பதும் தப்பு. படம் யார் வீட்டுக் கல்யாணத்திலோ எடுத்தது, பக்கத்தில் நின்றவளின் தோள் வெட்டுப்பட்டுத் தெரிந்தது. கீழே, கண்ணீருடன் என்று போட்டு, வள்ளித்தாய், பாண்டிச்செல்வி என்று பட்டாசுக் கம்பெனிப் பெண்கள் பதினைந்து இருபது பேரின் பெயர்கள். வேன் வந்து அந்தப் பெண்கள் இறங்கியிருந்தார்கள். கையெல்லாம் அலுமினியப் பவுடர் மினுங்கியது. நடுவில் சுகிர்தா உட்கார்ந்து, வெடிமருந்து பட்டு வெந்திருந்த ஒருத்தியின் மணிக்கட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். வள்ளித்தாய் ஏதோ சொல்ல, வாய்விட்டுச் சிரித்தாள். அப்படி ஒரு சிரிப்பு அவளிடம் இருந்ததே ஜெயசுந்தருக்குத் தெரியாது. கல்லை எடுத்து எல்லோரையும் விரட்டலாம் போல இருந்தது அவருக்கு.

"ஏன் சுகிர்தா, நான் போட்டதுக்கு நீ வரலையே?"

"வாங்க, சாப்பிட்டீகளா?" என்றாள் அவள். "எதுக்கு வரலங்கீக?"

"நம்ம வாசல்ல கட்டியிருக்கேனே, பாக்கலையா?"

"அதுவா? பாத்தேன் பாத்தேன். யாரோ பெரிய மனுசிக்குப் போட்டிருக்காகன்னு நெனைச்சிட்டு இங்கன வந்துட்டேன்."

பெண்கள் சிரித்தார்கள். சுகிர்தாவும் சிரித்தாள். விளக்கு வைக்கிற நேரமானதும் எழுந்து, புடவையைத் தட்டிவிட்டுப் போய்விட்டாள். அவர் தினமும் வரத் தொடங்கினார். அவள் அவரிடம் நல்லபடியாகத்தான் பேசினாள், தண்ணித் தொட்டி கழுவியாச்சா என்று கேட்டாள். ஆனால் பக்கத்தில் எப்போதும் வள்ளித்தாய். ஒரு ஞாயிற்றுக்கிழமை, எல்லோரும் கல்யாண வீட்டுக்குப் போயிருந்த மத்தியான வேளையில், ஜெயசுந்தர் மரத்தில் ஏறி பிளக்ஸை அவிழ்த்துச் சுருட்டி, கட்டைப்பையில் திணித்துக்கொண்டு பஸ் ஏறினார். கட்டின பொண்டாட்டியைத்தானே கொண்டுபோகிறேன், இதில் என்ன திருட்டு என்று வழியெல்லாம் தனக்குள் வாதாடினார். தன் வாசலில் அதைக் கட்டினார். நாற்காலி போட்டார். அவள் வரவில்லை. தாயில்பட்டிக்கும் வரவில்லை.

மூன்றாம் நாள் வள்ளித்தாய் வீடு தேடி வந்தாள். வாசல் பிளக்ஸைப் பார்த்தாள். ஏசவில்லை.

"எங்க அக்காவை என்ன சார் பண்ணிட்டீக? இங்கயாவது வந்தாகளா?"

அவர் இல்லை என்று தலையசைத்தார். அதற்குமேல் முடியவில்லை. அவள் செத்த அன்றுகூட அழாத மனுஷன், தெரு பார்க்க அழுதார். எனக்கு வராதவள் உங்களுக்கு வந்தாளே, அதைத் தாங்க முடியவில்லை என்று சொல்லிச் சொல்லி அழுதார். அவிழ்க்கும்போது பிளக்ஸ் கயிறு கட்டுகிற ஓட்டையோரம் கிழிந்திருந்தது, இனி அது ஆகாது. வள்ளித்தாய் அங்கேயே நடைப்படியில் உட்கார்ந்து, தன் போனை எடுத்து, மாரிக்கண்ணனுக்குப் புதிதாக எழுத ஆரம்பித்தாள். ஜெயசுந்தர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். ஒவ்வொரு எழுத்தாக விழுவதைப் பார்த்தார். கை துறுதுறுத்தது, கைகளைத் தொடைக்குக் கீழே வைத்துக்கொண்டார். கண்ணீருடன் என்ற இடத்தில் பெண்களின் பெயரெல்லாம் எழுதி முடித்து, அவரைக் கேட்காமலே கடைசியில் அவர் பெயரையும் சேர்த்தாள். ஜெயசுந்தர் என்று எழுதத் தெரியாமல் எதையோ எழுதினாள். போனை அவர் பக்கம் நீட்டினாள்.

"சரியா இருக்கா, சார்?"

அவர் முதலிலிருந்து கடைசிவரை படித்தார். தன் பெயரை இன்னொரு தரம் படித்தார். "சரியா இருக்கு. அனுப்பும்மா" என்றார்.

தாயில்பட்டி வேப்பமரத்தில் புது பிளக்ஸ் கட்டிய மறுநாள் சுகிர்தா வந்தாள். வந்ததும் நிமிர்ந்து நின்று பெயர்களை ஒவ்வொன்றாகப் படித்தாள், கடைசிப் பெயரில் கொஞ்சம் நின்றாள். அன்றிலிருந்து ஜெயசுந்தர் பள்ளிக்கூடம் விட்டதும் பஸ் ஏறிவிடுகிறார். அந்தத் தடத்துக் கண்டக்டர், டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்தபடியே, அக்கா நல்லா இருக்காகளா என்று கேட்பான்.

"அவளுக்கு என்ன, நல்லா இருக்கா. இன்னைக்கும் போய்ப் பாருங்க, அந்த வள்ளித்தாய் பக்கத்துலதான் உக்காந்திருப்பா" என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு சொல்லிவிட்டு, அவர் ஜன்னலோரம் இடம் பார்த்து உட்காருவார்.