சாம்பிள் கால்

ஷூ கம்பெனியின் பிரஸ் கூடத்தில் நாற்காலி கிடையாது. போட்டு வைத்தாலும் உட்கார நேரம் இருக்காது. அச்சு திறக்கும்போது எதிரே நின்றாக வேண்டும். உள்ளே வெந்த சோல், அதாவது ஷூவின் நுரை அடிப்பாகம், மூடி விலகியதும் அடைத்து வைத்த பிராணி மாதிரி துள்ளி வெளியே வரும். உள்ளே இருந்ததைவிடப் பெரிதாகி வரும், அதுதான் அந்த நுரையின் குணம். கையுறையோடு அதைப் பிடித்து மேசையில் எறிந்துவிட்டு, அடுத்த துண்டை வைத்து மூட வேண்டும். மூடியதும் அடுத்த அச்சு திறக்கும். அந்த நாற்றம் தலைமுடியில் ஏறிவிட்டால் சோப்புக்கு அடங்காது. ஊர் உலகத்தில் யார் யாரோ ஓடுவதற்கு மெத்தை செய்து கொடுத்துவிட்டு, நாங்கள் வெறும் சிமெண்டுத் தரையில், தேய்ந்த ரப்பர் செருப்போடு நின்றோம்.

அங்கிருந்து என்னை வெளியே கொண்டுவந்தது என் கால்தான். படிப்பும் இல்லை, சிபாரிசும் இல்லை.

புது ஷூ ஒன்றை யோசிக்கிறார்கள் என்றால் எல்லா அளவிலும் செய்து பார்க்க மாட்டார்கள். ஒரே ஒரு அளவில் செய்வார்கள். அதற்குச் சாம்பிள் சைஸ் என்று பெயர். அந்த அளவுக் கால் உள்ள ஒருத்தி போட்டு நடந்து பார்த்து, சரி என்றால்தான் மற்ற அளவுகள். முன்பு நடந்து பார்த்த பெண் கல்யாணமாகிப் போய்விட்டதால், டிசைன் அறையிலிருந்து ஒரு பையன் இரும்பு அளவுப் பலகையோடு எங்கள் கூடத்துக்கு வந்தான். பையன் என்று இங்கே எழுதுகிறேன், நேரில் சார்தான். வரிசையாகச் செருப்பைக் கழற்றினோம். நீளம், அகலம் இரண்டும் எனக்குக் கோட்டின் மேல் கோடாக விழுந்தன. தையல் பிரிவிலிருந்து வந்த என் நாத்தனாருக்கும் அப்படியே விழுந்திருக்கும். ஆனால் முதல் நாள்தான் அவள் படிக்கட்டில் இடித்துக் கட்டைவிரல் நகம் பெயர்ந்து, துணி சுற்றிக்கொண்டு நின்றாள்.

"அந்த நகத்தை ஃபிரேம் போட்டு வீட்ல மாட்டி வை அண்ணி. உனக்கு நாற்காலி வாங்கிக் குடுத்ததே அதுதான்" என்று அன்றிலிருந்து சொல்லிக்கொண்டே இருப்பாள்.

அவள் சொன்னதில் தப்பில்லை. அந்த வேலையில் எனக்குப் பிடித்தது நாற்காலிதான். பச்சை பிளாஸ்டிக் நாற்காலி, ஒரு கால் உடைந்து கம்பி சுற்றியது. ட்ரெட்மில் எந்திரத்தின் ஓடும் பட்டை மேல் கொஞ்ச நேரம் நடக்க வேண்டும். பிறகு டிசைன் சார் ஷூவை வாங்கிச் சோலைப் பிரித்து, சீவி, வேறு துண்டு ஒட்டி, குதிகாலை இடித்து இடித்துப் பார்க்கும் எந்திரத்தில் வைப்பார். அது முடியும்வரை நான் உட்கார்ந்திருக்கலாம். உட்கார்ந்திருப்பதற்குச் சம்பளம் தருகிறார்கள் என்று முதல் வாரம் எனக்கு நம்பிக்கையே வரவில்லை. யாராவது கதவைத் திறந்தால் சட்டென்று எழுந்து நிற்பேன்.

"உக்காருங்க அக்கா. நீங்க எழுந்து நின்னா நான் என்னமோ தப்பு பண்ண மாதிரி இருக்கு" என்பார் சார்.

அவர் கெட்டிக்காரர், சலிக்காதவர். தனக்குத்தானே பேசிக்கொள்கிற பழக்கம் உண்டு. நான் அங்கே இருந்ததால் என்னிடம் பேசுவதாக வைத்துக்கொள்வார்.

"மெத்தையும் வேணும், பிடிப்பும் வேணும். அதுதான் ரோதனை. நீங்க மெத்தை மேல ஏறி நின்னிருக்கீங்களா?"

"எங்க வீட்ல பாய்தான் சார்."

"சரி, யார் வீட்டு மெத்தையோ. ஏறி நின்னா ஆடும் இல்ல? நுரைய மெதுவாக்க மெதுவாக்க, அடி படறது குறையும். ஆனா கால் ஆடும். இறுக்கினா ஆடாது, ஆனா அடி மண்டை வரைக்கும் ஏறும். ரெண்டுக்கும் நடுவுல எங்கேயோ இருக்கு நம்ம ஷூ."

பட்டையில் நான் நடக்கும்போது பின்னாலிருந்து என் குதிகாலைப் படம் எடுப்பார். அதை மெதுவாக ஓட விட்டு எனக்கும் காட்டுவார். வெள்ளை நுரை மேல் என் குதிகால் இறங்கி, அப்படியே உள்பக்கமாகச் சாயும், தூக்கக் கலக்கத்தில் ஒருத்தி பக்கத்திலிருப்பவள் தோளில் சாய்வதுபோல.

"பாத்தீங்களா, சோல் உள்பக்கம் தாங்கல" என்று சொல்லி, உள்பக்கத்தில் ஓர் ஆப்பு மாதிரி சாம்பல் நிற நுரையை ஒட்டினார். அது இறுக்கமான நுரை. மறுநாளும் சாய்ந்தது. ஆப்பை நீளமாக்கினார். இன்னும் சாய்ந்தது. இன்னும் இறுக்கமான நுரை. இப்படியே மாதக் கணக்கில் ஓடியது. அவருக்குக் கண்ணுக்குக் கீழே கருத்துப்போனது. எனக்கு மனசுக்குள்ளே, இது முடியாமலே இருந்தால் நல்லது என்றிருந்தது.

ஒருநாள் சாயவில்லை.

போட்டு நாலு எட்டு வைத்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. என் முழங்கால் பேசாமல் இருந்தது. வருஷக்கணக்காக எழுந்ததும் முணுமுணுக்கும், மாடி ஏறினால் சண்டை போடும், படுத்த பிறகும் விடாது. அது வாயை மூடிக்கொண்டது. இடுப்பும் அப்படியே. பாதத்துக்கு அடியில் யாரோ கை கொடுத்துத் தாங்கியதுபோல் இருந்தது. பட்டையை நிறுத்திய பிறகும் இறங்க மனம் வரவில்லை.

"எப்படிக்கா?"

"கழட்ட வேணாம்னு இருக்கு சார்."

அவர் நாற்காலியைத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றினார். கம்பி அவிழ்ந்துபோனது. இரண்டு பேரும் சிரித்தோம்.

இனிப் பாக்கி ஒன்றுதான். உண்மையாக ஓடுகிற ஒருத்தி அவளுடைய அளவில் அதே ஷூவைப் போட்டு ஓடிப் பார்க்க வேண்டும். அவள் சரி என்றால் இரும்பில் அச்சு வெட்டிவிடுவார்கள். இரும்பில் வெட்டிய பிறகு மாற்ற முடியாது.

ஓட்டக்காரப் பெண் வந்தாள். ஈர்க்குச்சி மாதிரி உடம்பு, அதில் கால்தான் முக்கால்வாசி. என்னைப் பார்த்து, "ஆன்ட்டி, தண்ணி எங்க இருக்கு?" என்றாள். எனக்கு அவ்வளவு வயதாகிவிட்டதா என்று தண்ணீர் பிடிக்கப் போகும்போது கண்ணாடியில் பார்த்துக்கொண்டேன். ஆகியிருந்தது.

அவள் ஓடினாள். பட்டையின் சத்தமே வேறாக இருந்தது. கொஞ்ச நேரத்தில் நிறுத்தச் சொன்னாள்.

"சார், இது என்னை வெளிய தள்ளுது."

"எப்படி தள்ளுது?"

"பஸ்ல சீட்டு ஓரத்துல ஒட்டிக்கிட்டு இருக்கறவள இடுப்பால இடிச்சு இடிச்சுத் தள்ளுவாங்களே, அப்படி."

"புதுசுங்கறதால இருக்கும். இன்னும் கொஞ்சம் ஓடு."

ஓடினாள். திடீரென்று கணுக்கால் வெளிப்பக்கமாக மடங்கியது. பக்கவாட்டுக் கைப்பிடியைப் பிடித்துத் தொங்கியதால் விழவில்லை. நொண்டிக்கொண்டு வந்து என் நாற்காலியில் உட்கார்ந்தாள். நான் துணியை நனைத்துக் கட்டினேன். பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாளே தவிர அழவில்லை.

டிசைன் சார் படத்தை ஓட்டி ஓட்டிப் பார்த்தார். "அக்காவுக்கு அவ்வளவு நேரா நிக்குது. உனக்கு மட்டும் ஏன்? உன் கால்ல ஏதாவது பழைய அடி இருக்கா?"

"என் காலா?" அவள் முகம் சிவந்தது. "என் கால்ல ஒண்ணும் இல்ல சார். ஓடறதுதான் எனக்கு வேலை."

"சும்மா கேட்டேன்மா" என்றார். ஆனால் அவள் போன பிறகு, வேறு ஓட்டக்காரி கிடைப்பாளா என்று யாரிடமோ போனில் கேட்டுக்கொண்டிருந்தார்.

அன்று சாயங்காலம் வீட்டில் நான் குளித்துவிட்டு ஈரக் காலோடு அறைக்குள் வந்தேன். எனக்கு முன்னால் குளித்த நாத்தனாரின் காலடிகளும் காயாமல் தரையில் இருந்தன. அவள் துணி மடித்துக்கொண்டே பார்த்தாள்.

"அண்ணி, இது என்ன கால் தடமா, இஸ்திரிப் பெட்டி வெச்ச தடமா?"

"ஏன், உன் தடத்துல பூ பூத்திருக்கா?"

"நீயே பாரேன்."

பார்த்தேன். அவள் தடத்தில் விரல்கள், முன்பாதம், பிறகு வெளிப்பக்கமாக ஒடுங்கிய ஒரு பட்டை, குதிகால். நடுவே உள்பக்கம் தரை காய்ந்தே இருந்தது. என் தடத்தில் அந்த வளைவே இல்லை. முழுக்க ஈரம். பாதம் மொத்தமும் தரையில் படுத்துவிட்டிருந்தது.

இரண்டு பேரும் சோலிலேயே புழங்குகிறவர்கள். விளக்கிச் சொல்ல ஒன்றுமில்லை. அவள் மடித்த துணியை மறுபடியும் பிரித்து மடித்தாள்.

"சின்ன வயசுல உனக்கு வளைவு இருந்துச்சா?"

"யார் பாத்தா? இருந்திருக்கும். பிரஸ்ல நின்னு நின்னு இறங்கியிருக்கும்."

"அப்போ சோல் சாயல. நீதான் சாஞ்சிருக்கே."

"ஆமா."

"அந்தப் பொண்ணு?"

"அவ கால் நேரா இருக்கு. நேரா இருக்கறத ஆப்பு வெச்சுத் தள்ளினா வெளியதானே போகும்."

பிறகு அவள் குரலைத் தாழ்த்தினாள். "சொல்லிடாத அண்ணி."

எனக்கு ஆச்சரியமாக இருந்தது. "அடுத்த கால் உன்னுதுதானே? இத்தன நாளா நாற்காலி நாற்காலின்னு என் உயிர வாங்கினே?"

"அது சும்மா வாய்க்கு. உன்னத் தள்ளிவிட்டுட்டு நான் போய் உக்காந்தேன்னு அண்ணன் காலம் பூரா குத்திக் காட்டும். எனக்கு வேணாம்பா. நீ வாய வெச்சுக்கிட்டு சும்மா இரு. அவங்க படிச்சவங்க, தானா கண்டுபிடிக்கட்டும்."

என் கணவர் மூலையில் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். மூட்டை தூக்கிவிட்டு வந்து விழுந்தால் இடி விழுந்தாலும் எழமாட்டார். எனக்குத்தான் தூக்கம் வரவில்லை. நான் பெரிய நியாயஸ்தி ஒன்றும் இல்லை. பிரஸ் கூடத்தை நினைத்தால் முதுகு வியர்த்தது. வாயை மூடிக்கொண்டு இருந்துவிடலாம் என்றுதான் காலையில் வேலைக்குப் போனேன்.

போனால், அந்தப் பெண் எனக்கு முன்னால் வந்து கதவோரம் நிற்கிறாள். கணுக்காலில் கட்டுப் போட்டிருந்தாள்.

"சார், இன்னொரு தடவை ஓடிக் காட்டறேன். என் கால்ல ஒண்ணும் கோளாறு இல்ல. கால் சரியில்லன்னு நீங்க சொல்லிட்டீங்கன்னா வேற யாரும் என்னைக் கூப்பிட மாட்டாங்க."

"இந்தக் காலோட எப்படிம்மா ஓடுவே?"

"ஓடுவேன்."

அவள் ஓடத்தான் போகிறாள் என்று எனக்குத் தெரிந்தது. வலிக்கிற காலைப் பொய் சொல்ல வைத்து, நிற்க முடியாத இடத்தில் நிற்பது எப்படி என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அவள் பட்டையில் ஏறக் கையை ஊன்றினாள். எனக்குத் திடீரென்று எல்லாமே போதும் என்றாகிவிட்டது. தண்ணீர் பாட்டிலை எடுத்துத் தரையில் கொட்டினேன். செருப்பைக் கழற்றி அதில் மிதித்து, காய்ந்த இடத்தில் நாலு எட்டு நடந்தேன்.

"சார், இதப் பாருங்க."

"என்னக்கா, தரையெல்லாம்..." என்று ஆரம்பித்தவர் நிறுத்திக்கொண்டார். குனிந்து பார்த்தார். பிறகு தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். ஓட்டக்காரப் பெண்ணும் கழுத்தை நீட்டிப் பார்த்தாள்.

"அப்போ இந்த ஷூ..."

"என் காலுக்குச் செஞ்சது சார். எனக்கு மட்டும்."

அவருக்குக் கோபம்தான் முதலில் வந்தது. "முன்னாடியே சொல்லியிருக்கலாமே அக்கா! கால் வலிக்குது, முழங்கால் வலிக்குதுன்னு ஒரு வார்த்த!"

"வலிக்காத கால் எப்படி இருக்கும்னு தெரிஞ்சாதானே சார், இதுக்குப் பேர் வலின்னு சொல்லத் தெரியும்? எல்லாருக்கும் இப்படித்தான்னு இருந்தேன்."

மாதக்கணக்கான வேலை அந்த ஈரத்தோடு சேர்ந்து காய்ந்துகொண்டிருந்தது. கடைசியில் எழுந்து, அந்தப் பெண்ணிடம், "நீ வீட்டுக்குப் போய்க் கால நீட்டி உக்காரும்மா. ஆறினதும் கூப்பிடறேன், உன்னையேதான் கூப்பிடுவேன்" என்றார். அவள் போகும்போது என் தோளைத் தொட்டுவிட்டுப் போனாள். இந்த முறை ஆன்ட்டி என்று சொல்லவில்லை.

மதியமே நாத்தனாரைக் கூப்பிட்டு அளந்தார்கள். ஈரத்தில் நடக்கவும் வைத்தார்கள். நகம் முளைத்திருந்தது.

வேண்டாமென்று கழித்த சாம்பிளை முழுசாக வெளியே விடக் கூடாது என்பது எங்கள் இடத்து வழக்கம். விரல் பக்கம் குறுக்கே கத்தியால் கிழித்துத்தான் குப்பைத் தொட்டியில் போடுவார்கள். கிழித்ததை யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். மறுநாள் சூப்பர்வைசர் கத்தியோடு வந்தபோது, டிசைன் சார் அந்த ஒரு ஜோடியைத் தன் பின்னால் வைத்துக்கொண்டார்.

"இது ஒண்ணு இருக்கட்டுமே."

"இது இருக்கட்டும்னா நாளைக்கு எல்லாம் இருக்கும் சார். குடுங்க."

இரண்டையும் கிழித்தார். மேல்துணிதான் போனது. சோலில் கத்தி படவில்லை.

நாத்தனாருக்குத் தையல் மெஷினில் அன்றுதான் கடைசி நாள். சாப்பாட்டு நேரத்தில், நான் தொட்டியிலிருந்து எடுத்துவந்த இரண்டையும் வாங்கிக் கிழிசலை ஓட்டித் தந்தாள். மெஷினில் சிவப்பு நூல் ஏற்றியிருந்ததால் சிவப்பிலேயே தைத்தாள். வெள்ளை ஷூ மேல் குறுக்கே, ஆபரேஷன் ஆன வயிறு மாதிரி.

"அழகா இருக்கா?" என்றாள். மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தாள்.

"நீ போய் நாற்காலில உக்காரு. மொதல்ல கம்பிய இறுக்கு, அவிழ்ந்து கிடக்கு."

இப்போது மறுபடியும் பிரஸ் கூடம், காலில் அந்தச் சிவப்புத் தையல் ஷூ. அச்சு திறக்கிறது, சோல் துள்ளுகிறது, பிடிக்கிறேன், எறிகிறேன், மூடுகிறேன். அதே சூடு, அதே நாற்றம். முதுகு வலிக்கிறது, கை வலிக்கிறது. முழங்கால் மட்டும் பேசுவதில்லை. இந்த நுரை எத்தனை நாள் தாங்கும் என்பது அதைச் செய்கிற எனக்குத் தெரியும். அமுங்கி அமுங்கி ஒருநாள் அதுவும் படுத்துவிடும். அதுவரைக்கும் நேராக நிற்கலாம்.

சாயங்காலம் கேட்டில் நாத்தனார் காத்திருந்தாள். அவள் தலைமுடியில் நாற்றம் இல்லை.

"அண்ணி, சும்மா உக்காந்தே இருக்கறதுக்கு உடம்பெல்லாம் வலிக்குது. நீ எப்படித்தான் இருந்தே?"

"பழகிடும்" என்றேன். நடக்க ஆரம்பித்தோம். அவள் செருப்பு தேய்ந்திருந்தது. அவளுக்காக நான்தான் மெதுவாக நடக்க வேண்டியிருந்தது.